நாலு சென்சாரும் ஒரு முஷ்டியும்

மணி மூன்று. ஐந்துக்கு மகள் வந்துவிடுவாள். பின் பம்பரில், தடங்கல் நெருங்கினால் சொல்லும் நாலு சென்சார் மாட்டி, அவள் கண்ணெதிரே போர்டிகோத் தூணை இடிக்காமல் கார் ரிவர்ஸில் உள்ளே போக வேண்டும். இடித்தால் சாவி அவள் கைப்பைக்குள். கிரேன்காரர் ஆயுசுக்கும் பின்சீட்டுப் பயணி.

துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டியவர். ஒரு யானைக் கூட்டத்தைத் தூக்கி, கீழே தூங்கும் எறும்பு புரண்டுகூடப் படுக்காமல் இறக்கி வைப்பார். ஆனால் கீழே ஒரு ஆள் நின்று கை காட்டினால்தான். காருக்கு அந்த ஆள் மனைவி: விரல் அசைந்தால் வா, முஷ்டி மடங்கினால் நில். போன மாதம் முழங்கால் வலியில் அவள் காரைவிட்டு இறங்கவில்லை. தூண் மூன்று முறை வாங்கிக் கட்டிக்கொண்டது.

கார் சாமான் கடைக்காரர் மூன்று சென்சார் பெட்டிகளைப் பரப்பினார். ஒன்று கத்தும், ஒன்று படம் காட்டும், ஒன்று பேசும். கிரேன்காரர் பெட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடையை நாற்பது சுற்றுச் சுற்றினார்.

"சார், தலை சுத்துது. பம்பர்ல ஓட்டை போடுறதுக்கு முன்னாடி டேப் போட்டு ஒட்டிப் பாத்துடலாம்," என்றார் கடைக்காரர்.

முதலாவதை ஒட்டி ரிவர்ஸ் போட்டதுமே, ஏழு தெரு எழுந்து உட்காரும்படி வீறிட்டது. "ஓட்டை சரக்கு! அடுத்ததை எடு!" அடுத்ததில் திரை முழுக்கச் சிவப்பு. மூன்றாவது, "நில்லுங்கள், நில்லுங்கள்" என்று பெண் குரலில் அதட்டியது.

"இதை வீட்லயே கேக்கறேனேய்யா!"

வியர்த்து வழிந்த கடைக்காரர் காருக்குப் பின்னால் போனார். அங்கே, இடுப்பில் ஒரு கை, காற்றில் ஒரு கை, பம்பரை உரசிக்கொண்டு மனைவி.

"அம்மா! அது உங்களைப் பாத்துத்தான் கத்துது!"

"நான் நிக்கலேன்னா அவர் எப்படிப்பா பின்னால வருவாரு?"

மணி நாலு. கிரேன்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சத்தத்தை நம்பி ஒரு மூட்டைகூட நான் இறக்கினதில்ல. எனக்குக் கை தெரியணும்."

"கை தெரியும். கத்தறதையே மாட்டச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

மணி ஐந்து. வீட்டு வாசலில் மகள் சாவிக்காக உள்ளங்கையை நீட்டியபடி நின்றிருந்தாள். அம்மா இறங்கவில்லை. கிரேன்காரர் ரிவர்ஸ் போட்டார். பீப். முன்சீட்டிலிருந்து ஒரு கை அவர் மூக்குக்கு நேரே எழுந்தது, விரல்கள் அசைந்தன. பீப், பீப். விரல்கள் மெதுவாயின. சத்தம் ஒரே இழுப்பாய் இழுக்க, முஷ்டி மடங்கியது.

கார் நின்றது.

மகள் குனிந்து, தூணுக்கும் பம்பருக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தாள். நாலு விரல் தாராளமாகப் போனது. நீட்டிய உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்ப்பா. ஏம்மா, இன்னும் கையை இறக்கல?"

"உங்கப்பா இன்னும் இன்ஜினை அணைக்கலையே!"