மூன்றாம் நம்பரின் கழுத்து

பார்சல் அலுவலகத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்தக் கவுண்டரில் உட்கார்கிறார்களோ அந்த எண்தான் அழைப்பு. அந்த வழக்கப்படி அவள் பதினொரு வருடமாக மூணாம் நம்பர். கண்ணாடித் தடுப்பில் வட்டமாகப் போட்ட பன்னிரண்டு துளைகள் வழியாக ஒரு நாளைக்கு இருநூறு பேர் அவளிடம் பேசினார்கள். எந்தப் பார்சல் எந்த வண்டியில் போகும், எது ஈரம் பட்டால் கெட்டுப்போகும், எந்த முகவரி அரைகுறை என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வரிசை நீண்டால் மேற்பார்வையாளர் தன் மேஜையிலிருந்தே, “மூணுகிட்ட போங்க, மூணுகிட்ட போங்க” என்பார்.

கழுத்து வலி வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. இடது காதுக்குக் கீழே தொடங்கித் தோள்பட்டை வரைக்கும், யாரோ கயிற்றைக் கட்டி இழுத்துப் பிடித்திருப்பது போல இருக்கும். முதலில் தலையணையைச் சந்தேகித்தாள். உயரமானதை மாற்றித் தட்டையானது வாங்கினாள். அதுவும் சரிப்படாமல் நடுவில் பள்ளம் வைத்த ஒன்று வந்து சேர்ந்தது.

“இன்னும் ஒண்ணு வாங்கினா நான் தரையிலதான் படுக்கணும்” என்றான் கணவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். முப்பது குழந்தைகளின் கூச்சலுக்கு நடுவே பேசிப் பேசி அவனுக்குச் சாதாரணப் பேச்சே கொஞ்சம் உரக்கத்தான் வரும். அதுவும் அவளுக்கு ஒரு வகையில் சௌகரியமாக இருந்தது. அந்தக் காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு வலது காது கேட்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து போனபின், அந்தக் காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. தானாகச் சரியாகிவிடும் என்று விட்டாள். சரியாகவில்லை. பஞ்சு போய்ச் சுவரே வந்துவிட்டது. வீட்டில் சொன்னால் கணவன் அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவான். டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். அந்தத் தாள் எப்படியாவது அலுவலகத்துக்குப் போய்விடும் என்று பயந்தாள். ஒன்றாம் நம்பரில் இருந்தவருக்குக் கண் மங்கியபோது அலுவலகத்தில் யாரும் அவரைத் திட்டவில்லை, வேலையை விட்டு நீக்கவும் இல்லை. கிடங்குக்கு அனுப்பினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. ஒரு முறை அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள், அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கவுண்டரை விட்டால் தான் யார் என்று அவளுக்கே தெரியாது.

கடைசியில் கணவன்தான் அவளைப் பிசியோதெரபி பார்க்கிற பெண்ணிடம் அழைத்துப் போனான். அந்தப் பெண் சின்ன வயசு. மேஜைக்கு மேலே பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கச் சொன்னாள், விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள், மரத்துப்போகிறதா, காய்ச்சல் வருகிறதா, எங்காவது விழுந்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை.

“பயப்படற மாதிரி இப்போதைக்கு எதுவும் தெரியலம்மா. கழுத்து வலின்னதும் எலும்பு தேஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கறாங்க. வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் தேயும். ஆனா நிறைய பேருக்கு வலி தசையிலதான். குனிஞ்சே ஃபோன் பாக்கறது, ஃபோனைத் தோள்ல இடுக்கிக்கிட்டுப் பேசறது, கவலையில தோளை ஏத்தியே வெச்சிருக்கறது. எப்படி வெச்சிருக்கோம்ங்கறதைவிட, அப்படியே எவ்வளவு நேரம் வெச்சிருக்கோம்ங்கறதுதான் விஷயம். தலை மட்டுமே அஞ்சு கிலோ இருக்குமில்ல?”

“இவ தலைன்னா கூடவே இருக்கும். அத்தனையும் முகவரி” என்றான் கணவன்.

அந்தப் பெண் சிரிக்காமல் கழுத்தை அழுத்திப் பார்த்தாள். “உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்ல. எதுக்கோ எப்பவும் ஒரே பக்கமா திரும்பறீங்க. எதுக்கு?”

“தெரியலையே” என்றாள் மூணாம் நம்பர். பொய் சொல்லும்போதும் அவள் முகம் வலப்பக்கம் திரும்பி, இடது காது முன்னால்தான் நின்றது.

“நம்ம கழுத்து நமக்குத் தெரியாது. அதனால நீங்க எழுத வேண்டாம். ஆபீஸ்ல ஒருத்தர், வீட்ல ஒருத்தர், ரெண்டு வாரம் எழுதட்டும். நேரம், என்ன செய்றீங்க, தலை எந்தப் பக்கம், வலி பத்துக்கு எத்தனை. நீங்க அதைப் பாக்காதீங்க. பாத்தா உஷாராயிடுவீங்க.”

தலை எந்தப் பக்கம் என்று எழுதினால் காது விஷயமும் வெளியே வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

அலுவலகத்தில் எழுதுகிற பொறுப்பைப் பக்கத்துக் கவுண்டர்க்காரி ரெண்டாம் நம்பர் ஏற்றுக்கொண்டாள். “உன் கழுத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணுமா? இந்த வேலைக்கு எனக்கு யாராவது பதவி உயர்வு குடுக்கணும்” என்று சொல்லிவிட்டுத் தாளை இழுப்பறையில் போட்டாள்.

முதல் மூன்று நாள் மூணாம் நம்பர் தலையை நேராக வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள். நேராக வைத்தால் துளைகள் வழியாக வருகிற பேச்சு பாதிதான் காதில் விழுந்தது. மீதியை உதட்டைப் பார்த்து ஊகித்தாள். கண்ணாடியில் விளக்கு பளபளத்து உதட்டையும் மறைத்தது. “எழுதிக் குடுத்துடுங்களேன்” என்று ஒவ்வொருவரிடமும் தாளை நீட்டினாள். வரிசை வாசல்படி தாண்டியது. மூணுகிட்ட போங்க என்கிற குரல் அந்த மூன்று நாளும் வரவில்லை. மதியத்துக்குள் வலி இரண்டு தோளுக்கும் பரவிவிட்டது. நாலாம் நாள் அவள் கைவிட்டாள். கழுத்து தன் பழைய இடத்துக்குத் தானே போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் கணவன், வேன் போய்வந்த கணக்குக்கு டிரிப் ஷீட் எழுதுவது போலவே, வலி எத்தனை என்று கேட்டு ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினான். எழுதும்போது மட்டும் வேறு ஒரு வார்த்தை பேசமாட்டான். நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான். பாவம், அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள். இருவரும் வேலை முடிந்து வந்தால் பேசிக்கொள்ளத் தெம்பில்லாத வீடுதான் அது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் கீழே வேனைக் கழுவப் போயிருந்தான். நோட்டு ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. பார்க்கக் கூடாதுதான். தன் குட்டு எவ்வளவு வெளிப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை.

‘7.40. பாத்திரம் கழுவுகிறாள். தலை நேர். வலி 3.’

‘8.00. டிவி. நேர். 3.’

‘8.30. சாப்பாடு. நான் எதிரில் உட்கார்ந்து பேசினேன். முகம் வலப்பக்கம், ஃபிரிட்ஜைப் பார்த்து. 5.’

மறுநாளும் அதே. துணி மடிக்கும்போது நேர். காய் நறுக்கும்போது குனிந்து, ஆனால் நேர். அவன் பேச வந்தால் வலப்பக்கம். பக்கம் பக்கமாக அதுதான். ஒன்பதாம் நாளுக்குக் கீழே எழுதி, கோடு போட்டு அடித்திருந்தான். அடித்தும் படிக்க முடிந்தது.

‘இரண்டு வருடமாகவே இப்படித்தான். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. படுக்கையில் நான் பேசினால் பதிலே இல்லை. கழுத்து வலிக்குக் காரணம் நான்தான் போலிருக்கிறது. இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?’

அவள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் எப்போதும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள். கேட்கிற காது தலையணையில் அழுந்தியிருக்கும். அவன் பேசியது எதுவுமே அவளிடம் வந்து சேரவில்லை. தன் கவுண்டரைக் காப்பாற்ற அவள் மறைத்தது, இந்த மனுஷனின் இரண்டு வருடத்தைத் தின்றிருக்கிறது.

படியிறங்கிப் போனாள். அவன் ரப்பர் குழாயைச் சக்கரத்தில் பீய்ச்சிக்கொண்டிருந்தான். நோட்டைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

“அதைப் பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?”

“தண்ணியை நிறுத்துங்க.”

“இரு, இந்தச் சக்கரம் ஒண்ணு...”

“நிறுத்துங்கன்னு சொல்றேன். தண்ணி சத்தத்துல நீங்க பேசறது எனக்குக் கேக்காது. எனக்கு வலது காது கேக்காதுங்க. ரெண்டு வருஷமாச்சு.”

அவன் குழாயை மூடினான். பிறகு நடந்து வந்து அவளுடைய வலப்பக்கத்தில் நின்றான். ஏதோ சொன்னான் போல. அவள் திரும்பவில்லை. அவன் இடப்பக்கம் வந்தான்.

“அப்ப நான் ராத்திரி ராத்திரி பேசினதெல்லாம்?”

“எதுவும் கேக்கல.”

“எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டிருக்கேன் தெரியுமா?”

“எதுக்கு?”

“எதுக்குன்னு தெரியாமத்தான்டி.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேனின் படியில் உட்கார்ந்தார்கள். அவள் கிடங்கைப் பற்றிச் சொன்னாள், கண் மங்கியவரைப் பற்றிச் சொன்னாள்.

“இந்த நோட்டு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடவா? அந்தப் பொண்ணு நம்பிடும்” என்றான்.

“நோட்டைத் தொலைச்சா கழுத்து நேராகிடுமா? முடியலைங்க. ஏழெட்டு மாசமா சாப்பாடு மாதிரி மாத்திரை சாப்பிடறேன். கவுண்டரோ கிடங்கோ, எங்கே இருந்தாலும் இந்தக் கழுத்தோடதான இருக்கணும்?”

திங்கட்கிழமை காலையில் கவுண்டர் திறந்ததும் முதலில் வந்தவர் இரண்டு கைகளாலும் ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றார். பேச ஆரம்பித்தார். வலப்பக்கம் திரும்பப் போன கழுத்தை அவள் நிறுத்திக்கொண்டாள்.

“ஐயா, எனக்கு ஒரு காது கேக்காது. கொஞ்சம் கிட்ட வந்து சத்தமா சொல்லுங்க.”

சொன்னது எதிர்பார்த்ததைவிட உரக்க வந்துவிட்டது. மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்தார். பெட்டிக்காரர் ஒரு அடி முன்னால் வந்து, துளைகளுக்கு நேராக வாயை வைத்து, அதே விஷயத்தை மறுபடி சொன்னார். அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு செய்தியே இல்லை.

அவர் போனதும் மேற்பார்வையாளர் அருகில் வந்தார். “எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா சார்.”

“மேல எழுதணுமே, மூணு. சொல்லாம விட்டா என் தலை உருளும்.”

“கிடங்குக்கா சார்?”

“எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் பாக்கணும், அவங்க முடிவு பண்ணணும்.” கண்ணாடித் துளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இந்தக் கவுண்டர்களுக்கு மைக் வெச்சுக் குடுங்கன்னு போன வருஷமே கேட்டேன். இப்ப அதையும் சேத்து எழுதறேன். உறுதியா எதுவும் சொல்ல மாட்டேன்.”

அவர் போனபின் ரெண்டாம் நம்பர் தன் இழுப்பறையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். அத்தனை நாளுக்கும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில், ‘தலை நேர். வலி 4’ என்று மேலிருந்து கீழ்வரை எழுதியிருந்தது.

“கோவிச்சுக்காத. வேலை தலைக்கு மேல. இன்னிக்குக் காலையிலதான் உக்காந்து எழுதினேன்.”

வலி எத்தனை என்று ரெண்டாம் நம்பர் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. இந்தத் தாளுக்குப் பயந்துதான் மூன்று நாள் வரிசையை வாசல்வரை நிற்க வைத்தாள். திட்ட வேண்டும் போலிருந்தது. அதற்கும் தெம்பில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

வெளியே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். இருநூறு பேருக்கும் இருநூறு தடவை சொல்ல வேண்டும். கழுத்து வலித்தது. பத்துக்கு ஐந்து இருக்கும். அவள் நாற்காலியைக் கண்ணாடிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்தவரைக் கை காட்டிக் கூப்பிட்டாள்.

“வாங்கம்மா. எனக்கு ஒரு காது கேக்காது. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”