ஆமெனுக்கு முன்னால்

வாரமெல்லாம் வாஷிங் மெஷின்களோடு மல்லுக்கட்டுகிற மெக்கானிக், ஞாயிறு வந்தால் சபையில் கீபோர்டு வாசிப்பார். பாட்டெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவரை ஆட்டிவைத்தது மனைவி கேட்ட ஒரு கேள்வி.

சனிக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "பாஸ்டர் ஜெபம் பண்றப்ப எல்லாரும் கண்ண மூடிக்கிறோம். நீங்க மட்டும் முழிச்சுக்கிட்டே வாசிக்கிறீங்க. நீங்க எப்பதாங்க ஜெபம் பண்ணுவீங்க?"

"நான் கண்ண மூடலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தலையணை உறையை உதறினாள். "சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டதுதான் மண்டையைக் குடைந்தது. யோசித்தால் வாஸ்தவம்தான். ஜெபத்துக்குப் பின்னணியாக மெல்ல வாசிக்கும்போது அவர் கண் பாஸ்டரின் வாயிலேயே இருக்கும். பாஸ்டர் முடிக்கப்போகிற நேரம் பார்த்து, மூன்று கட்டைகளைச் சேர்த்துக் கடைசி கார்டை அழுத்தினால் ஆமென் கச்சிதமாக விழும். மெஷின் சுற்றி நிற்கக் காத்திருப்பதும் இதே வேலைதானே! அப்படியானால் இத்தனை வருஷமும் ஆராதனை என்ற பெயரில் ஓவர்டைம் பார்த்தோமா? நாளைக்குக் கண்ணை மூடிப் பார்ப்போம், அப்போதும் உள்ளே ஒன்றும் நடக்காவிட்டால் கீபோர்டை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவோம் என்று முடிவு செய்தார்.

மறுநாள் ஜெபம் ஆரம்பித்ததும் கண்ணை இறுக மூடினார். 'ஆண்டவரே' என்றார் மனசுக்குள். அடுத்த வார்த்தை வரவில்லை. 'ஆண்டவரே, நான்தான்' என்றார். தன்னைத் தெரியுமோ தெரியாதோ என்று சந்தேகமாக இருந்தது. கை மட்டும் இரண்டே கார்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தது.

பாஸ்டர் நோயாளிகளுக்காக ஜெபித்தார். பரீட்சை எழுதுகிறவர்களுக்காக ஜெபித்தார். பிறகு கூரைக்காக, மைக் செட்டுக்காக, வெளியே நிற்கிற வண்டிகளுக்காக. டிரம்ஸ் வாசிக்கிற மச்சான், அதாவது மனைவியின் தம்பி, குச்சியால் மெக்கானிக்கின் முதுகில் ஒரு குத்து விட்டான்.

"மாமா, முடிங்க! விட்டா வாசல் கேட்டுக்கும் ஜெபம் பண்ணிடுவாரு."

கண்ணைத் திறந்தார். பாஸ்டர் வியர்த்து வழிய ஓரக்கண்ணால் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் அவசரமாகக் கடைசி கார்டை அழுத்தினார். ஆமென் விழுந்தது.

ஆராதனை முடிந்து வயரைச் சுருட்டும்போது பாஸ்டரிடம் கேட்டார். "ஏன் பாஸ்டர், இன்னைக்கு முடிக்கவே இல்ல?"

"நீங்க முடிச்சாத்தானே நான் முடிக்க முடியும்? உங்க கையப் பாத்துதான் ஆமென் சொல்றேன்."

"நான் உங்க வாயப் பாத்துல்ல முடிக்கிறேன்!"

"நல்லா பாத்தீங்க போங்க. சில நாள் நான் நிறுத்தலாம்னு வந்தா நீங்க விடவே மாட்டீங்க, இழுத்துக்கிட்டே இருப்பீங்க. யாருக்கோ இன்னும் ஜெபம் வேண்டியிருக்கு போலன்னு நானும் தொடருவேன்."

இழுத்தேனா? எதற்கு இழுத்தேன்? வீடு வந்து சேரும்வரை பிடிபடவில்லை.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. "இன்னைக்குக் கண்ண மூடிட்டீங்க."

"நீ கேட்டியேன்னுதான்."

"அப்பா போனதுலேர்ந்து, ஜெபம் ஆரம்பிச்சாலே எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வரும். கண்ணத் தொறந்தா நீங்க என்னையே பாத்துக்கிட்டு வாசிப்பீங்க. நான் மூக்கச் சிந்தி நிமிர்ற வரைக்கும் முடிக்கவே மாட்டீங்க." குரல் உடைந்தது. "இன்னைக்குத் தொறந்து பாத்தேன். நீங்க இல்ல."

கீபோர்டிலிருந்து பார்த்தால் பாஸ்டருக்கு நேர் பின்னால் தெரிவது மூன்றாவது வரிசை, அவள் உட்காருகிற இடம். தன் கண் எங்கே இருந்தது என்று அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

"அதெல்லாம் ஜெபத்துல சேருமா?"

"எனக்கென்ன தெரியும்? பாஸ்டரக் கேளுங்க," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு வாசித்தார். மனைவி அழுதாள், நிமிர்ந்தாள். பாஸ்டர் கீபோர்டைப் பார்த்தார். கடைசி பெஞ்சில் பெயர் தெரியாத ஒருவரின் தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. மச்சான் குச்சியால் குத்தினான். பாஸ்டர் கூரைக்கு வந்துவிட்டார்.

கீபோர்டுக்காரர் விடவில்லை.