மூன்றாம் எண் உரக்குழி

இருபத்திரண்டு வருட வேலையில் மேஸ்திரி அக்கா யாரிடமும் பெரிதாக எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்டது ஒரே ஒரு நாற்காலி.

பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம். மாடிக்கு இரண்டு கழிப்பறை, ஒரு சாப்பாட்டு அறை. மேசைகளுக்குக் கணக்கே இல்லை. கையில் துடைப்பத்தோடு உள்ளே வந்தவள், துப்புரவு ஆட்களுக்கு மேற்பார்வையாளராக உயர்ந்து பத்து வருடம் ஆகிறது. பதவி உயர்ந்ததே தவிர கால்கள் அதே தரையில்தான் நின்றன. படியேறும்போது இரண்டு முழங்கால்களும், சண்டை போட்ட சம்பந்திகளைப் போல மாறி மாறி முனகும்.

தரைத்தளத்தில் ஸ்டோர் ரூம் இருந்தது. சோப்பு, பினாயில், காகிதச் சுருள் எல்லாம் எடுத்துக் கொடுக்கும் அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த பெரியவர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். "பசுமைச் சான்றிதழ் மட்டும் வந்துடட்டும் மேஸ்திரியம்மா, அந்த நாற்காலி உங்களுக்குத்தான்" என்று மேனேஜரே வாயைத் திறந்து சொல்லியிருந்தார்.

சான்றிதழ் கொடுக்க வேண்டிய ஆய்வாளர் இன்று காலை பத்து மணிக்கு வருகிறார். மணி எட்டாகப் போகிறது. மேஸ்திரி அக்கா கட்டடத்தின் பின்பக்கம், மூன்றாம் எண் உரக்குழியின் ஓரத்தில் நின்று, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கமில்லாத கண்ணுக்கு அந்தக் கறுப்பு மண்ணில் வெள்ளை வெள்ளையாக எதுவோ மினுங்குவது இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தா மறைஞ்சிடுமாக்கா?" என்றார் தோட்டக்காரர். அவளைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனாலும் எல்லோரையும் போல அவரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

"மறையாதுண்ணே. ஆனா வேற என்ன பண்றதுன்னு தெரியல."

கதை இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் கட்டடத்தில் பிளாஸ்டிக் கோப்பைக்குத் தடை வந்தது. அதற்குப் பதிலாகப் பெட்டி பெட்டியாகச் சோளத்தில் செய்த கோப்பைகள் வந்து இறங்கின. கோப்பையின் அடியில் குட்டியாக ஒரு பச்சை இலை. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'முழுவதும் உரமாகும்'. மாடிக்கு மாடி சுவரொட்டி ஒட்டினார்கள்: 'கோப்பையைப் பச்சைத் தொட்டியில் போடுங்கள்.' பச்சைத் தொட்டியில் விழுந்தது எல்லாம் பின்பக்கத்துக் குழிகளுக்கு வரும். காய்த்தோல், தேயிலைச் சக்கை, மிச்சச் சோறு, அவற்றோடு கோப்பைகள். கோப்பை கலந்த குப்பை மட்டும் மூன்றாம் குழிக்கு.

மூன்று மாதம் கழித்து மூன்றாம் குழியைத் திறந்தபோது, தோல் மண்ணாகியிருந்தது. சக்கை மண்ணாகியிருந்தது. கோப்பைகள் மட்டும் மாப்பிள்ளை மாதிரி கலையாமல் உட்கார்ந்திருந்தன.

அப்போதுதான் மேஸ்திரி அக்காவுக்கு அந்த யோசனை தோன்றியது. தென்னை மட்டையை முழுசாகப் போட்டால் வருடக்கணக்கில் கிடக்கும், துண்டு போட்டால் சீக்கிரம் மக்கும். இது குழி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். கோப்பைக்கும் அதே நியாயம்தானே? வீட்டுக்காரர் வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவர். அவருடைய பெரிய கத்தரிக்கோலை வாங்கி வந்தாள். நாலு நாள் மதிய இடைவேளையில், ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, மாறி மாறி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கோப்பைகளை நகக்கண் அளவுக்கு நறுக்கிக் குழியில் கலந்தார்கள். கத்தரிக்கோல் மழுங்கிப் போயிற்று. வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை.

நேற்று குழியை மறுபடி திறந்தால், ஒரு துண்டுகூடக் கரையவில்லை. முழுக் கோப்பையாக இருந்திருந்தால் கையால் பொறுக்கி எடுத்திருக்கலாம். இப்போது தேங்காய்த் துருவலை மணலில் கொட்டிய கதை.

"நறுக்கினா காய் வேகும்க்கா. கல்லு வேகுமா?" என்று தோட்டக்காரர் நேற்றே கேட்டுவிட்டார்.

உடனே அவள் மேனேஜரிடம் ஓடினாள். சான்றிதழ் விழாவுக்கு வருகிறவர்களுக்கு 'எங்கள் கட்டடத்தின் சொந்த உரம்' என்று இருநூறு துணிப்பைகள் பரிசாகக் கொடுக்கப் போகிறார்கள். மற்ற இரண்டு குழிகளும் இன்னும் மக்கி முடியாமல் கிடந்தன. மேனேஜர் ஒரு பிடி மண்ணை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. முத்து தூவின மாதிரி. பையில போட்டுக் கட்டிடுங்க. குழி மேல சருகு போட்டு மூடிடுங்க. ஆய்வாளருக்கு முதல் குழியக் காட்டுவோம்."

"சார், அது செடிக்கு..."

"பெட்டியில உரமாகும்னு போட்டிருக்கா இல்லையா? அப்ப அது உரம். நீங்க அந்த இருபது வார்த்தைய மட்டும் ஒழுங்கா மனப்பாடம் பண்ணுங்க."

ராத்திரி முழுக்க உட்கார்ந்து இருநூறு பையையும் கட்டி முடித்தாயிற்று, சருகு போடுவதுதான் பாக்கி. அந்த இருபது வார்த்தை தனிக் கூத்து. ஆய்வாளர் துப்புரவு ஆட்களிடமும் கேள்வி கேட்பாராம். அதனால் மேலே இருந்து ஒரு தாள் வந்தது. மறுசுழற்சி, மறுபயன்பாடு, கார்பன் தடம், பூஜ்யக் கழிவு, பசுமைப் பூச்சு என்று இருபது சொற்கள், எதிரே அர்த்தம். ஒரு வாரமாக லிஃப்டிலும் படியிலும் எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டரை மணிக்கு, குழி மேல் சருகு போட்டு முடிக்கும்போது, ஆட்கள் வந்தார்கள். நாலாவது மாடியைப் பார்க்கிற பெண்ணுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தார்கள், வாய் மூடாது. வந்ததும் தாளை நீட்டினாள்.

"அக்கா, என்னைக் கேளுங்க. பூஜ்யக் கழிவுன்னா குப்பையே இல்லாத நிலைமை. குப்பையே இல்லன்னா நமக்கு வேலையே இல்ல. சரியா?"

"முதல் பாதி சரி. ரெண்டாவது பாதிய ஆய்வாளர்கிட்ட சொல்லிடாத."

"மறுசுழற்சின்னா, பழசை உருக்கிப் புதுசாக்கறது."

"பழசை எடுத்துக்க ஆள் வந்தா மறுசுழற்சி. வரலைன்னா குப்பை. மறுசுழற்சிக்குன்னு வச்ச நீலத் தொட்டியில இருக்கற ஜிகினாக் காகிதத்தை எடுக்க இதுவரைக்கும் ஒருத்தனும் வரல."

"தாள்ல அப்படி இல்லியேக்கா."

"தாள் குப்பை அள்ளினதில்ல" என்றாள் மேஸ்திரி அக்கா.

"பசுமைப் பூச்சுன்னா?"

"வெடிச்ச சுவத்துல பச்சை பெயின்ட் அடிக்கறது. உள்ள வெடிப்பு அப்படியேதான் இருக்கும்." சொல்லிவிட்டு அவள் சருகு போர்த்திய மூன்றாம் குழியைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ரேடியோவைப் பார்க்கவில்லை. ரேடியோ தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆய்வாளர் பத்தேகாலுக்கு வந்தார். ஏதோ கோட்டு போட்ட பெரிய மனிதர் வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வந்தவர் தோளில் தொங்கும் பையும் தேய்ந்த செருப்புமாக, இந்த வாரத்தில் எட்டாவது கட்டடத்தைப் பார்க்கிறவராக இருந்தார். படியேறும்போது அவர் இடது கையால் முழங்காலை அழுத்திக்கொண்டதை மேஸ்திரி அக்கா மட்டும் கவனித்தாள். ஒரே கட்சி.

தொட்டிகளைப் பார்த்தார். சுவரொட்டிகளைப் பார்த்தார். ரேடியோவிடம் கார்பன் தடம் கேட்டார். அவள் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, "கீழ மேனேஜர் சார் கார் ஏசி போட்டு நிக்குதே, அது மாதிரி சார்" என்று உதாரணமும் சொன்னாள். மேனேஜர் இருமினார். ஆய்வாளர் முதல் முறையாகச் சிரித்தார்.

பின்பக்கம் வந்தார்கள். முதல் குழியைக் கிளறிப் பார்த்தார். இன்னும் மக்க வேண்டியிருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

"இந்தக் கோப்பையெல்லாம் எங்க போகுது?" என்று மேஸ்திரி அக்காவிடம் கேட்டார்.

"பச்சைத் தொட்டிக்கு சார்."

"உரமாகும்னா என்ன அர்த்தம்?"

தாளில் ஏழாவது சொல். "குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட சூழ்நிலையில், மண்ணுக்குத் தீங்கில்லாமல் முழுவதும் சத்தான உரமாக மாறுவது" என்று புத்தகத் தமிழில் ஒப்பித்தாள். அவர் தலையசைத்து ஒரு கட்டத்தில் டிக் போட்டார். இன்னும் இரண்டு கட்டம்தான் பாக்கி. மேனேஜரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. மேஸ்திரி அக்காவின் கண் முன்னால் சுழல் நாற்காலி ஒரு சுற்று சுற்றி நின்றது.

அந்த நேரம் பார்த்து ஆய்வாளரின் கண் வரிசையாக அடுக்கியிருந்த துணிப்பைகள் மேல் விழுந்தது.

"அட, சொந்த உரமா? விதிப்படி பரிசு வாங்கக் கூடாது. இருந்தாலும் ஒரே ஒரு பிடி கொடுங்கம்மா. வீட்டு மாடியில பொண்ணு நாலு தக்காளிச் செடி வச்சிருக்கா. மண்ணு சத்தில்லன்னு தினமும் என்னைத் திட்டறா." கையை நீட்டிக்கொண்டு குனிந்தார்.

"தாராளமா சார், பையாவே எடுத்துக்குங்க" என்றார் மேனேஜர்.

மேஸ்திரி அக்கா எதையும் யோசிக்கவில்லை. யோசிக்கிற அளவுக்குத் தெம்பும் இல்லை. அந்தப் பெண் தினமும் தண்ணீர் ஊற்றிப் பழுத்த தக்காளியைப் பறித்து வாயில் போடுவாள் என்பது மட்டும்தான் தோன்றியது.

"அத எடுக்காதீங்க சார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுல கோப்பை இருக்கு. நான்தான் நறுக்கிப் போட்டேன். சீக்கிரம் மக்கும்னு நினைச்சேன். மக்கல." அவள் மூன்றாம் குழிக்குப் போய், காலால் சருகைத் தள்ளினாள். வெள்ளைத் துண்டுகள் வெயிலில் பளிச்சென்று சிரித்தன. "இது வேற யார் தப்பும் இல்ல சார். என் தப்பு."

ஆய்வாளர் கீழே உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தார். பச்சை இலையின் பாதி அதில் இருந்தது. "பெட்டி இருக்கா?"

தோட்டக்காரர் ஓடிப்போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போல இருந்த எழுத்தைப் படித்தார்: "அறுபது டிகிரி சூட்டை விடாமல் காக்கும் தொழிற்கூட உர நிலையங்களில் மட்டும்."

"பெட்டி பொய் சொல்லலம்மா. உரமாகும்தான். ஆனா அதுக்குன்னு இருக்கற இடத்துல. உங்க குழியில அவ்வளவு சூடு வாரக்கணக்கா நிக்காது. எவ்வளவு நறுக்கினாலும் பொடிசாகும், மண்ணாகாது."

"அப்ப இது எத்தனை வருஷத்துல மக்கும் சார்?" என்றாள் ரேடியோ.

அவர் பதில் சொல்வதற்குள் தோட்டக்காரர் முந்திக்கொண்டார். "நாம எல்லாரும் மக்கினதுக்கு அப்புறம்."

ஆய்வாளர் டிக் போட்ட கட்டத்தை அடித்தார். சான்றிதழ் மூன்று மாதம் தள்ளிப் போயிற்று. அதற்குள் உரத்தைச் சலித்துத் துண்டுகளைப் பிரிக்க வேண்டும். கோப்பையை நிறுத்திவிட்டு, கழுவிப் பயன்படுத்தும் பீங்கான் கோப்பை வாங்க வேண்டும்.

"கழுவறது யாரு சார்?" என்றாள் ரேடியோ. ஆய்வாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் மேஸ்திரி அக்காவின் பக்கம் நின்றார். "முழங்காலுக்கு என்ன போடறீங்க?"

"ஒண்ணும் போடறதில்ல சார்."

"நானும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "சரிதான் மேஸ்திரியம்மா, ஸ்டோருக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். கலந்தவங்களே பிரிச்சுடுங்க. இருநூறு பையையும், குழியையும். மாடிய மத்தவங்க பார்த்துக்கட்டும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

மதியத்துக்கு மேல் வேலை தொடங்கியது. தோட்டக்காரர் மணல் சலிக்கும் சல்லடையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பையைக் கொட்டி, சலித்து, மேலே நிற்கும் துண்டுகளை விரலால் பொறுக்கி டப்பாவில் போட வேண்டும். மண்கட்டியும் கூடவே நிற்கும். அதை உடைத்து மறுபடி சலிக்க வேண்டும். சாயங்காலம் வரை ஐந்து பைதான் ஆயிற்று. இருநூறு பை முடிய எத்தனை நாள் என்று ரேடியோ விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். மேஸ்திரி அக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் விளக்கடியில் உட்கார்ந்து கத்தரிக்கோலைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"என்னம்மா, நாற்காலி கிடைச்சுதா?"

"இல்ல. ஒரு பெயின்ட் வாளி கிடைச்சுது."

"வாளி எதுக்கு?"

"கவுத்துப் போட்டு, மேல உக்காந்து உரம் சலிக்கறதுக்கு."

அவர் கையை நிறுத்தினார். "நாள் பூராவும் உக்காந்தா?"

"நாள் பூராவும். மூணு மாசத்துக்கு."

அவர் தையல் மெஷின் ஸ்டூலில் இருந்த மெத்தையை உருவி, அவளுடைய சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு கத்தரிக்கோலை ஒரு துண்டுத் துணியில் வைத்து வெட்டிப் பார்த்தார். துணி கசங்கியதே தவிர வெட்டுப்படவில்லை.

"இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்" என்றார்.

"தேய்ங்க" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி அக்கா சுவரில் சாய்ந்து கால்களை நீட்டினாள்.