பூஜை போட்ட மூளை

மனித குலத்துக்கு இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், முதுமை ஒழிந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு ரோலிங் மில்லுக்கும் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள ஆய்வகத்தில், நரம்பியல் விஞ்ஞானி முனைவர் வீரராகவன் அதை ஒழித்துவிட்டார். பல வருடங்களாக ஒழித்துக்கொண்டேதான் இருக்கிறார்.

வயதானவர்களின் தோலிலிருந்து ஸ்டெம் செல் உண்டாக்கி, அதை மூளைச் செல்லாக வளர்த்து, அதற்கு இளமையைத் திருப்பித் தருவது அவர் ஆராய்ச்சி. வளர்ப்பது ஆய்வு மாணவி நஜ்மா. பேட்டி கொடுப்பது அவர். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் நிபுணர் குழு வருகிறது. நுண்ணோக்கியில் செல்களைக் காட்டிக் குழுவை மயக்கிவிட்டால், புதிய மூளை முதுமை மையத்துக்கு அவரே இயக்குநர். பதவியேற்புக்குக் கோட்டுகூடத் தைத்தாகிவிட்டது.

ஆயுத பூஜையன்று பேட்டை முழுக்க மெஷின்களை நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பட்டு வேட்டியில் வந்த வீரராகவன், செல்கள் வளரும் இன்குபேட்டருக்குப் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே சுவிட்சை அணைத்தார்.

"சார், அத ஆஃப் பண்ணாதீங்க! உடம்புச் சூடு இல்லன்னா செல்லு செத்துடும்!" என்று பதறினாள் நஜ்மா.

"இன்னாம்மா நீ, அம்மாம்பெரிய ரோலிங் மில்லே நின்னுகினு கீது. உன் பொட்டிக்கு இன்னா? பூஜ போட்ட மெஷின தொடக்கூடாது."

"அங்க இருக்கறது இரும்பு சார். இதுல உயிரு."

"உயிருக்குத்தாம்மா ரெஸ்ட் வேணும். உங்க பழவேற்காட்ல நோம்பு வெக்கறதில்ல?"

"நோம்புல மூச்ச நிறுத்தமாட்டோம் சார்."

அவர் ஆய்வகத்தைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பொரிப் பொட்டலத்தோடு காரேறினார்.

குழு வந்த காலையில்தான் பூட்டு திறந்தது. செல்கள் சுருங்கி, தட்டின் அடியை விட்டுப் பிரிந்து மிதந்தன. நுண்ணோக்கியில் பார்த்த வீரராகவன் குழுவின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, முதுமையைக் குறைக்க வேண்டுமானால் முதலில் அதை உண்டாக்கத் தெரிய வேண்டும். எண்பது வருட முதுமையை ஒரு விடுமுறைக்குள் வரவழைத்திருக்கிறோம்!"

குழுத் தலைவர் லென்ஸில் கண்ணை வைத்தார். "அடேயப்பா, என்ன ஒரு அமைதி!" என்றார். பிறகு நஜ்மா பக்கம் திரும்பினார். "இதுக்கு அடுத்து என்னம்மா?"

"அடக்கம்தான் சார்."

"பாருங்கய்யா, இவ்வளவு சாதிச்சும் அடக்கம்தான்னு சொல்லுது பொண்ணு!"

கை தட்டினார்கள். வீரராகவன் இயக்குநர் ஆனார்.

செல்கள் செத்திருந்தன.