கந்தக எண்ணெய்

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் கங்காணி இராசையா துரையின் உத்தரவைச் சொன்னார். துரையின் வேட்டை நாய்களுக்குச் சொறி வந்துவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கள் கொடுத்த நோய். பொழுது சாய்வதற்குள் லயத்தில் ஒரு நாயும் உயிரோடு இருக்கக் கூடாது.

வேட்டை நாய்களின் பட்டியைப் பார்ப்பவன் மாடசாமி. அவன் முன்னால் வந்தான்.

“லயத்துலேருந்து வரலைங்க. போன மாசம் நமுனுகுல காட்டுல நம்ம பட்டி நாய்க ஒரு நரியக் கொன்னுச்சு. அந்த நரிக்கு வால்ல ஒரு மசுரு இல்லீங்க. அங்கேருந்து பட்டிக்கு வந்துச்சு. பட்டியிலேருந்து என் கம்பளியில ஒட்டிக்கிட்டு லயத்துக்கு வந்துச்சு.”

“அப்படியா, நாய் வைத்தியரே? துரைகிட்ட போய்ச் சொல்லு. முதுகுத் தோல உரிச்சுக் காயப் போடுவாரு.”

ஆட்கள் சிரித்தார்கள்.

மாடசாமி வீட்டில் செம்பி என்றொரு நாய் இருந்தது. முதலில் அதன் காது ஓரம் செதில் விட்டது. பிறகு முழங்கையில் முடி உதிர்ந்தது. காது நுனியை இரு விரலால் தேய்த்தால் பின்னங்கால் தானாகச் சொறியும்; சொறிக்கு அதுதான் அடையாளம். மாடசாமியின் மணிக்கட்டிலும் சிவப்புப் புள்ளிகள் வந்தன. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, தோலுக்குள் வளை தோண்டுகிறது என்று அவனுக்குத் தெரியும். பண்டாரவளையில் அலவி கடையில் கந்தகம் வாங்கினான். அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்தான். வாரம் ஒரு தடவை, மூன்று தடவை பூச வேண்டும். செம்பி படுத்த சாக்கை எரித்தான். கம்பளியைக் கொதிநீரில் போட்டான். திரும்பவும் ஒட்டாமலிருக்கச் செம்பியைப் பட்டிக்குக் கூட்டிப் போவதை நிறுத்தினான்.

பட்டி நாய்களுக்கும் பூசட்டுமா என்று துரையிடம் கேட்டிருந்தான். கொழும்பிலிருந்து மருந்து வருகிறது, உன் நாற்றத்தை என் நாய்மேல் பூசாதே என்றார் துரை.

இன்று மூன்றாவது தடவை. அவன் பூசி முடித்தபோது லயத்தின் மேல் கோடியில் கங்காணியின் ஆட்களுடைய தடிகள் விழத் தொடங்கின.

இராக்கம்மாவின் நாய் சோறு என்று நினைத்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. முதல் அடியில் தாடை போனது. மூன்றாவது அடி வரை வால் ஆடியது. அடுத்த வீட்டு நாய் அடுப்புக்குள் புகுந்தது. காலைப் பிடித்து இழுத்தார்கள். சாம்பலோடு வந்தது.

மாடசாமியின் பெண்சாதி பெரியாயி அவன் தோளைத் தள்ளினாள். “நிக்கிறியே. தூக்கிட்டு ஓடு. பட்டிக்குள்ள எவன் வந்து தேடப் போறான்?”

அவளுக்குத் தோன்றியது அவனுக்கும் சரியாகப் பட்டது. செம்பி குட்டியாக இருந்தபோது பட்டியில்தான் வளர்ந்தது. துரையின் நாய்களின் தட்டில் கஞ்சி குடித்தது. கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் குனிந்து ஓடினான். பட்டியைத் திறந்து உள்ளே விட்டான். கதவைச் சாத்தினான்.

செம்பி கம்பளியிலிருந்து வெளியே வந்தது. வாலை ஆட்டியது.

நான்கு வேட்டை நாய்களும் எழுந்தன. மூக்கைத் தூக்கின. அவற்றுக்குத் தெரிந்த செம்பி அங்கே இல்லை. கந்தகமும் வேப்பெண்ணெயும் இருந்தன.

டியூக் முதலில் பாய்ந்தது. கடமானைப் பிடிப்பது போலக் கழுத்தைப் பிடித்தது. மற்றவை வயிற்றைப் பிடித்தன.

மாடசாமி கதவைத் திறந்தான். கஞ்சி கிண்டும் கட்டையை எடுத்தான். டியூக்கின் மண்டையில் அடித்தான். அது விடவில்லை. மறுபடி அடித்தான். எலும்பு உள்ளே போனது கைக்குத் தெரிந்தது. மற்ற மூன்றும் மூலைக்கு ஓடின. டியூக் அசையாமல் கிடந்தபோதும் அவன் அடித்துக்கொண்டிருந்தான். கட்டை முறிந்தது.

சத்தம் கேட்டு இராசையா தடியோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அடப் பாவி. துரை நாயடா அது.”

மாடசாமி செம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தான். தொண்டை திறந்து கிடந்தது. மூச்சு அதன் வழியே வந்துபோனது. கண் அவனைப் பார்த்தது. அவன் காது நுனியை இரு விரலால் தேய்த்தான். பின்னங்கால் அசையவில்லை. கையால் காலைத் தொட்டான், உடனே இழுத்துக்கொண்டது. மறுபடி காதைத் தேய்த்தான். அசையவில்லை.

“சொறி போயிருச்சுங்க” என்றான்.

இராசையா தடியோடு ஓர் அடி உள்ளே வந்தார்.

“தடியக் குடுங்க. நானே செய்றேன்.”

கொடுத்தார். ஒரே அடி.

பங்களாப் பாதையில் துரையின் குதிரை இறங்கி வரும் சத்தம் கேட்டது.

“தடியக் கீழ போடுடா” என்றார் இராசையா. “மாடசாமி, ஒன் கால்ல விழுறேன். போட்டுடு.”

மாடசாமி எழுந்தான். தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றான்.