இரண்டு பெண்களுக்கு ஒரே முகக்கவசம்

"யாரும்மா இதை வெல்டிங் பண்ணது?" என்று நடுவர் கேட்டபோது பட்டறைக்காரிக்குப் பெருமை பிடிபடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "நான்தாங்க!" என்றாள்.

இரும்புக் கேட்டும் கிரில்லும் பற்றவைத்தே மகளை ஆளாக்கியவள் அவள். மகளைக் கட்டெறும்பு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்; பேஸ்பால் அணியில் கேட்சர். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வீசுகிற பந்தை வாங்குபவள். அணிக்கு இருந்ததே ஒரு முகக்கவசம்தான். அதன் கம்பியில் விரிசல் விட்டிருந்ததை முந்தாநாள் துடைக்கும்போது பார்த்த பட்டறைக்காரி, மகளிடம் மூச்சுக்கூட விடாமல் பட்டறைக்குத் தூக்கிப் போய் ஒட்டவைத்து, தேய்த்து, கறுப்புப் பெயின்டும் அடித்துவிட்டாள். பிள்ளை பத்திரமாக ஆடட்டுமே என்ற நினைப்புதான்.

"இதைப் போட்டு ஆட விடமுடியாதும்மா," என்றார் நடுவர்.

"ஏன் முடியாது? என் வெல்டிங் மேல யானையே ஏறி நிக்கலாம்!"

"ஒட்டு விடாதும்மா. பக்கத்துல சூடு பட்ட கம்பிதான் விட்டுடும். வேற கவசம் இருந்தா ஆடட்டும். இல்லேன்னா உங்க பொண்ணு வெளியேதான் உக்காரணும்."

இறுதி ஆட்டம் அது. கட்டெறும்பு மார்பில் மெத்தைக் கவசமும், முழங்காலிலிருந்து பாதம்வரை கெட்டியான பிளாஸ்டிக் ஓடும், கையில் தடித்த தோலுறையுமாகத் தயாராக நின்றாள். முகம் மட்டும் வெறுமனே இருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா?" என்றாள். அழுதுதொலைத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பட்டறைக்காரிக்கு.

அப்போதுதான் எதிரணி கேட்சர் வந்தாள். நெட்டை என்று அவள் அணியே கூப்பிடும் அளவுக்கு உயரம். தன் முகக்கவசத்தைக் கழற்றிக் கட்டெறும்பிடம் நீட்டினாள்.

"இந்தா, போட்டுக்கோ. நாங்க பந்து வீசுற முறை வரும்போது குடுத்துடு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா குந்தப் போறோம்?"

அம்மாடி! கோப்பையைத் தட்டிக்கொண்டு போக வந்தவள், எதிராளியின் மூக்கும் கண்ணும் பிழைக்க வழி சொல்கிறாளே!

ஆட்டம் சூடு பிடித்தது. முறை மாறும்போதெல்லாம் கவசமும் கை மாறியது. நடுவில் ஒரு பந்து, மட்டையின் ஓரத்தை உரசித் திசை மாறி, நேரே கட்டெறும்பின் முகத்துக்கே வந்தது. டங்! பட்டறைக்காரிக்கு உயிர் போய் உயிர் வந்தது. பெண்ணோ தலையை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு, "ம், வீசு!" என்று மறுபடி குந்திவிட்டாள். கம்பியும் மெத்தையும் அத்தனை அடியையும் தாங்கிக்கொண்டனவே! பட்டறைக்காரியின் கை தானாகக் குவிந்தது. இரும்போடு இத்தனை காலம் குப்பை கொட்டியவள், இரும்பைக் கும்பிட்டது அன்றுதான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மைதானத்தின் பின்பக்கம் போய், தான் ஒட்டிய கவசத்தைச் சிமென்ட் பெஞ்சில் வைத்து, கருங்கல்லை எடுத்து ஓங்கி ஒரே போடு போட்டாள். ஒட்டு கிண்ணென்று இருந்தது. அதையொட்டிக் கம்பி முறிந்து, முனை உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. சரியாக வலக்கண் வருகிற இடம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது ஆட்டத்தின் கடைசி முறை. கட்டெறும்பு ஓடி வந்து கவசத்தைக் கழற்றினாள். அடுத்து மட்டை பிடிக்கப் போவது அவள்தான். பட்டறைக்காரி கவசத்தை வாங்கி, வியர்வையைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள். ஒவ்வொரு கம்பியையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நெட்டையைக் குனியச் சொல்லித் தானே மாட்டிவிட்டாள்.

"ஆன்ட்டி, ரொம்ப இறுக்குறீங்க!"

"இருக்கட்டும்டி," என்றாள் பட்டறைக்காரி. "எம்பொண்ணு ஓங்கி அடிப்பா."