துவைக்காத திண்டு

என் அப்பா மில் தொழிலாளி. துணி விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்கொரு கர்வம் உண்டு.

1974-ல் என் வீட்டுக்காரர் கிறிஸ்துதாஸ் ஆப்பிரிக்காவிலிருந்து, தக்கார் பட்டணத்திலிருந்து, முதல் துணியை அனுப்பினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் அவருக்கு அங்கே வேலை. நான் புதுச்சேரியில், படுத்த படுக்கையான மாமியாரோடு. துணியைப் பிரித்ததும் சிரிப்புதான் வந்தது. நாலு விரல் அகலத்துக்கு நெய்து, பட்டை பட்டையாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். 'பெரிய தறிக்குப் பஞ்சமா?' என்று எழுதினேன். 'அந்த ஊர் கைநெசவே அப்படித்தான். வீட்டு அழகுக்கு ஏதாவது தைத்து வை, சூசைமேரி' என்று பதில் வந்தது.

துணியில் ஒரு வாசனை இருந்தது. சாம்பிராணி மாதிரி, ஆனால் அதைவிட இனிப்பாக. புதுச் சாயத்துணி வந்தால் என்ன செய்வோம்? கல்லுப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மூன்று தண்ணீர் அலசினேன். வாசனை போனது, துணியின் நீலச் சாயம் நின்றது. இலவம்பஞ்சு அடைத்து நாற்காலிக்குத் திண்டு தைத்தேன்.

அப்புறம் தபாலில் துணி வந்துகொண்டே இருந்தது; சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். அவர்தான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதுவார். நான் திண்டு, வாசல் திரை, மேசை விரிப்பு என்று தைத்துத் தள்ளினேன். மாமியார் செத்த பிறகும் தைத்தேன்.

"கூடத்த மாதா கோயிலு மாதிரி ஜோடிச்சி வச்சிருக்க. உக்காரத்தான் ஆளக் காணோம்" என்பாள் எதிர்வீட்டு செல்வாம்பாள்.

"பென்ஷன் ஆனதும் வந்து உக்காருவாரு."

அதற்காகத்தான் உயிரோடு இருந்தேன். வேறெதற்கும் இல்லை.

1979-ல் பென்ஷனாகி வந்தார். கூடத்துக்குள் நுழைந்ததும் முகம் மலர்ந்தது. ஒரு திண்டை எடுத்து மூக்கில் வைத்தார். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது.

"தொவச்சிட்டியா?"

"தொவைக்காம? ஒரே வாடை."

அடுத்ததை முகர்ந்தார். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் முகர்ந்தார். "ஒண்ணுகூட தொவைக்காம உடலியா?" என்றார். ஐந்து வருஷம் கழித்து வந்த மனுஷன் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை.

"அங்க பொம்பளைங்க துணிக்குப் புகை போட்டுத்தான் மடிச்சி வைப்பாங்க" என்றார், சுவரைப் பார்த்து.

எந்தப் பொம்பளை என்று நான் கேட்கவில்லை. துணி விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது.

மறுநாள் அவர் பெட்டியை ஒழித்தபோது அடியில் இன்னொரு துணி இருந்தது. அதே வாசனை. வாளியில் தண்ணீர் பிடித்து உப்பைப் போட்டேன். துணியும் கையுமாக ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, துவைக்காமலே பஞ்சு அடைத்து அவர் நாற்காலியில் வைத்தேன்.

அதில் கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

"அதான் வந்துட்டாரே, இனிமே உனக்கென்ன கொறை?" என்கிறாள் செல்வாம்பாள்.

சைக்கிள் மணி கேட்டால் தபால்காரரோ என்று இன்னமும் நான் வாசலுக்கு ஓடுகிறேன்.